ஃபைட்டருக்குக் குப்பி போதாது

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் உள்ள தெருக்களுக்குப் போனால் கடைக்குக் கடை சின்னச் சின்னக் குப்பிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு குப்பிக்கு ஒரு மீன். விரல் நீளம்கூட இருக்காது, ஆனால் நீலமும் சிவப்பும் தாமிர நிறமுமாகத் துடுப்புகள் சேலை முந்தானை போல விரியும். அடுத்த குப்பியில் இருப்பவனைப் பார்த்துவிட்டால் செவுள் மூடிகளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் போய் முட்டும். “இதுக்கு மோட்டார் வேணாம், பில்டர் வேணாம், குப்பியே போதும்” என்று சொல்லித்தான் விற்பார்கள். மீன் வளர்க்க ஆசைப்படும் பலருக்கும் முதல் மீன் இந்த ஃபைட்டர்தான். வீட்டுக்கு வந்த சில வாரங்களில் செத்துப்போய், “நமக்கு மீன் ராசியில்லை” என்று சொல்ல வைப்பதும் பெரும்பாலும் இதுதான்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. “குப்பியே போதும்” என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மீனைக் கொல்வது மற்ற பாதி.

உண்மையான பாதி என்னவென்று முதலில் பார்ப்போம். கோல்டு ஃபிஷ்ஷை அரை லிட்டர் தண்ணீரில் விட்டால் ஆக்சிஜன் குறையக் குறைய மேலே வந்து வாயைப் பிளக்கும், தாங்காது. ஃபைட்டர் தாங்கும். அதன் தலைக்குள், செவுளுக்குச் சற்று மேலே, மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. மெல்லிய எலும்புத் தகடுகள், அவற்றின் மேல் இரத்த நாளங்கள் நிறைந்த தோல். மீன் மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கி அந்த மடிப்புகளில் தேக்கி, அதிலிருந்து நேரடியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். லேபிரிந்த் உறுப்பு என்று இதைச் சொல்வார்கள். மேலே வர விடாமல் தடுத்தால், செவுள் இருந்தும் இந்த மீன் மூச்சுத் திணறிச் செத்துவிடும்.

இதே உறுப்பு உள்ள மீன் நம் ஊர்க் குளங்களிலும் உண்டு: பனையேறிக் கெண்டை. 1791-இல் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, குளக்கரைப் பனைமரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் 1797-இல் அது வெளிவந்து ஐரோப்பா முழுக்கப் பேச்சானது. மரம் ஏறுமா என்பது வேறு விஷயம். மழை நாளில் செவுள் மூடியை ஊன்றிக்கொண்டு ஈரத் தரையில் ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குப் போகும் என்பதில் சந்தேகமே இல்லை. ஃபைட்டர் இந்த மீனுக்கு நெருங்கிய உறவு.

ஃபைட்டரின் பூர்வீகம் தாய்லாந்து. சாவோ பிரயா ஆற்றுச் சமவெளியின் நெல்வயல்கள், சதுப்பு நிலங்கள், புல் மண்டிய வாய்க்கால்கள். அங்கே தண்ணீர் ஆழமில்லை, ஓட்டமில்லை, வெயிலில் காய்ந்துகொண்டே இருக்கும். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5-க்கு மேல் கரையாது. வயலின் அடியில் அழுகும் இலைதழைகள் அதையும் தின்றுவிடும். அப்படிப்பட்ட தண்ணீரில் பிழைப்பதற்காக வந்த உறுப்பு இது. 2019-இல் தாய்லாந்து இதைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது. ஆனால் அதே சமவெளியில் காட்டு ஃபைட்டர் இன்று அழியும் அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய இனமாகப் பட்டியலில் இருக்கிறது. வயல்களும் சதுப்புகளும் சுருங்கியதுதான் முக்கியக் காரணம்.

இனி, கொல்லும் பாதி. லேபிரிந்த் உறுப்பு தீர்த்து வைப்பது மூச்சுப் பிரச்சினையை மட்டும். கழிவு என்னவாகிறது?

தின்ற புரதத்தின் கழிவை நாம் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் விடுகிறோம். மீன் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. பெரும்பகுதியை அம்மோனியாவாகவே செவுள் வழியாக வெளியே விட்டுவிடும். வயலிலும் வாய்க்காலிலும் அது கரைந்து பரவி, செடிகளுக்கு உணவாகிப் போய்விடும். குப்பியில் போக இடமில்லை. அடியில் தங்கிய தீனியும் மலமும் அழுகி இன்னும் அம்மோனியாவைச் சேர்க்கும். மீன் மேலே வந்து காற்றைக் குடிக்கலாம், ஆனால் செவுள் இருபத்துநாலு மணி நேரமும் அந்தத் தண்ணீரில்தான் நனைந்துகொண்டிருக்கிறது. செவுள் வெந்துபோகும், துடுப்பு ஓரம் கருகும், மீன் அடியில் போய்ப் படுக்கும்.

இதில் நம் ஊருக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அம்மோனியம், தீங்கு குறைவு. இன்னொன்று வாயு வடிவ அம்மோனியா, அதுதான் விஷம். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவை நீரின் பி.எச். அளவும் வெப்பமும். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் விஷ வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பி.எச். 8 ஆனால் 5 பங்கைத் தாண்டும். வெப்பம் 30 டிகிரிக்கு ஏறினால் 7 பங்குக்கும் மேல். போர் தண்ணீர் காரமாக இருக்கும் வீட்டில், மே மாதத்தில், ஒரு குப்பிக்குள் இருக்கும் மீனை நினைத்துப் பாருங்கள். அதே அளவு கழிவு, பல மடங்கு விஷம்.

வளர்ப்பவர் செய்ய வேண்டியது மீனைக் கவனிப்பதைவிடத் தண்ணீரைக் கவனிப்பதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். தண்ணீரைக் கவனிப்பது என்றால் அதில் வாழும் நுண்ணுயிர்களைக் கவனிப்பது. சில பாக்டீரியாக்களுக்கு அம்மோனியாதான் எரிபொருள். அவை அதை நைட்ரைட்டாக மாற்றும். வேறு சில அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் மோசமானதுதான். இரத்தத்தில் ஏறி ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்யும், செவுள் பழுப்பாகிவிடும். (கொஞ்சம் கல்லுப்பு போடுங்கள் என்று பழைய ஆட்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: உப்பிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட்டோடு போட்டி போட்டு அதை உள்ளே விடாது.) நைட்ரேட் அவ்வளவு கொடியதில்லை. செடிகள் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தை வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம்.

இந்த நுண்ணுயிர்களை 1890 வாக்கில் முதலில் பிரித்துக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி. அதற்கப்புறம் நூறு ஆண்டுகளாகக் கதை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தார்கள். அந்தக் கதையைத் திருத்தி எழுதியதில் மீன் தொட்டிகளுக்கு நேரடிப் பங்கு உண்டு. அம்மோனியாவை உண்ணும் ஆர்க்கியா என்ற வேறொரு நுண்ணுயிர் வகையை முதன்முதலாக வளர்த்துக் காட்டியது 2005-இல். அது கிடைத்தது அமெரிக்காவின் சியாட்டில் நகரக் காட்சிசாலையின் கடல் மீன் தொட்டியில். இரண்டு படிகளையும் ஒரே பாக்டீரியாவே செய்து முடிக்கும் என்பது 2015-இல் தெரியவந்தது. அதைக் கண்டறிந்த இரண்டு குழுக்களில் ஒன்று, நெதர்லாந்தின் நைமேகனில், மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டியிலிருந்துதான் அதை எடுத்தது. நம் வீட்டுத் தொட்டியின் ஸ்பாஞ்சில் படியும் பழுப்பு வழவழப்பை அழுக்கு என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த உயிர்கள் மெதுவாகத்தான் பெருகும். புதுத் தொட்டியில் அவை போதுமான அளவுக்கு வர 4 முதல் 6 வாரம் ஆகலாம். கடைக்குப் போன அன்றே டேங்க், கல், பொம்மை, பத்து மீன் எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கி வந்தால் என்ன ஆகும் என்பது இப்போது விளங்கும். முதல் சில நாள் எல்லாம் நன்றாக இருக்கும். அடுத்த வாரம் அம்மோனியா ஏறும், ஒவ்வொன்றாக மிதக்கும். இதைத் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு. தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பல மாதம் ஓடிய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வாங்கி வந்து, உங்கள் பில்டரில் செருகிவிடுங்கள். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். அப்போதும் மீனை ஒன்றிரண்டாகத்தான் விட வேண்டும், தீனியைக் குறைத்துப் போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மீனைப் பக்கெட்டில் விட்டு, தொட்டியைக் கவிழ்த்து, கல்லையும் ஸ்பாஞ்சையும் குழாயடியில் பளபளவென்று தேய்த்துக் கழுவும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. எவ்வளவு அக்கறையோடு செய்கிறார்கள் என்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். குழாய்த் தண்ணீரின் குளோரின் அந்த நுண்ணுயிர்களில் பெரும்பகுதியைக் கொன்றுவிடும். திங்கட்கிழமை அது மறுபடியும் புதுத் தொட்டி. ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து திரும்ப வைத்தால் போதும். தண்ணீரில் கால் பங்கை மட்டும் மாற்றுங்கள். புதுத் தண்ணீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்தோ, கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு போட்டோ ஊற்றலாம்.

ஒரு ஃபைட்டருக்கு 15 முதல் 20 லிட்டர் பிடிக்கும் தொட்டி, குமிழ் மெதுவாக வரும் ஸ்பாஞ்ச் பில்டர், கொஞ்சம் செடி, மேலே மூடி. மூடி அவசியம், ஃபைட்டர் நன்றாகவே குதிக்கும். சென்னை, மதுரை வெயிலுக்கு ஹீட்டர் தேவைப்படாது. ராத்திரி முழுக்க ஏசி ஓடும் அறையில் வைத்தால் மட்டும் யோசிக்க வேண்டும்.

இப்படி ஒரு தொட்டியில் சில வாரம் இருந்த ஆண் மீன் ஒரு காரியம் செய்யும். தண்ணீரின் மேற்பரப்பில், ஒரு மூலையில், சோப்பு நுரை போல எதையோ குவித்து வைத்திருக்கும். பயந்து அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அது கூடு. வாயில் காற்றை எடுத்து, வாய்ச் சுரப்பு கலந்து, ஒவ்வொரு குமிழாக மேலே துப்பிக் கட்டியது. பெண் மீன் கண்ணில் படாவிட்டாலும் கட்டும். மற்ற மீன்கள் பல முட்டையைக் கல்லிலோ செடியிலோ ஒட்டும்போது இது ஏன் நுரையில் கட்டுகிறது? வயலின் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை. பெரிய மீனுக்குக் காற்றைக் குடிக்கும் உறுப்பு உண்டு, முட்டைக்கு ஏது? அதனால் முட்டைகளைக் காற்றுக்குப் பக்கத்திலேயே, நீரின் மேல்தோலிலேயே வைக்கிறது.

குஞ்சு எடுக்க நினைப்பவர்கள் தனித் தொட்டி வைக்க வேண்டும். அடியில் கல் கூடாது. விழும் முட்டையை ஆண் தேடி எடுக்க முடியாமல் போகும். தண்ணீர் ஒரு சாண் உயரத்துக்குள், 27 அல்லது 28 டிகிரியில். பாதியாக வெட்டிய தெர்மாகோல் டம்ளர் ஒன்றை மிதக்க விட்டால் கூடு கலையாமல் அதனடியில் நிற்கும். நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலை ஒன்றைப் போடுவது நல்ல பழக்கம். பல தெருக்களில் அந்த மரம் நிற்கிறது, சருகாகிக் கீழே விழுந்த இலைதான் வேண்டும். இலையிலிருந்து ஊறும் டானின் தண்ணீரைத் தேநீர் நிறமாக்கி, பூஞ்சணத்தைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும். இலையின் மேல் வளரும் நுண்ணுயிர்கள் பிறகு குஞ்சுகளுக்குத் தீனியாகும்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரு வாரமாவது தனித்தனியே உயிருள்ள தீனி கொடுத்துத் தேற்ற வேண்டும். கொசுப்புழுவைவிட நல்லது இல்லை. அப்புறம் பெண்ணை ஒரு லாந்தர் விளக்குச் சிம்னிக்குள் விட்டு, சிம்னியை ஆணின் தொட்டிக்குள் நிறுத்துங்கள். இருவரும் பார்க்கட்டும், தொட வேண்டாம். வயிறு உப்பி, உடம்பில் குறுக்கே வெளிர்க் கோடுகள் தெரிந்து, பெண் தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றால் தயார். வெறும் பயத்தில் ஓடினால் அன்றைக்கு வேண்டாம். தயாராகாத பெண்ணை விட்டால் ஆண் கிழித்துவிடும்.

சிம்னியை எடுத்த பிறகும் துரத்தலும் கடியும் கொஞ்சம் இருக்கும். பிறகு கூட்டுக்கு அடியில் இருவரும் வருவார்கள். ஆண் தன் உடம்பை வளைத்துப் பெண்ணைச் சுற்றிக்கொள்ளும். பெண் தலைகீழாகப் புரளும். இருவரும் ஒரு நடுக்கத்தோடு அப்படியே நிற்பார்கள். முதல் சில தழுவல்களில் ஒன்றும் வராது. பிறகு வெள்ளை ரவை மாதிரி முட்டைகள் உதிரும். பெண் சில நொடிகள் மயங்கிச் சாய்ந்து மிதக்க, ஆண் பிடியை விட்டுப் பாய்ந்து, கீழே போகும் ஒவ்வொரு முட்டையையும் வாயில் பிடித்து, மேலே போய்க் குமிழுக்குள் துப்பும். அடியைத் தொட்டுவிட்டதையும் விடாமல் பொறுக்கும். பொறுக்கி முடித்ததும் மறுபடியும் தழுவல். இப்படிப் பல மணி நேரம். மொத்தம் நூறிலிருந்து முந்நூறு முட்டை வரை வரலாம். வீட்டில் ஒரு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கக் கிடைக்கும் காட்சிகளில் இதற்கு நிகராக எதையும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முடிந்ததும் பெண்ணை எடுத்துவிட வேண்டும். ஆணுக்கு இனி அவளும் ஓர் எதிரிதான். ஒன்றரை நாள் அளவில் முட்டை பொரிந்து, வாலைக் கீழே தொங்கவிட்டபடி குஞ்சுகள் நுரையில் தொங்கும். தவறி விழும் குஞ்சை அப்பன்மீன் வாயில் கவ்வி மீண்டும் மேலே வைக்கும். இந்த நாட்களில் ஆணுக்குத் தீனி போட வேண்டியதில்லை. மூன்று நாள் போல் ஆனதும் குஞ்சுகள் படுக்கைவாட்டில் நீந்தத் தொடங்கும். அப்போது ஆணையும் எடுத்துவிடலாம்; காவல் வேலை முடிந்தது, இனி குஞ்சும் அதன் கண்ணுக்கு இரையாகத் தெரியலாம்.

பலர் தோற்பது இங்கேதான். முட்டை போட வைப்பது சுலபம், குஞ்சைத் தேற்றுவது கடினம். கரு உணவு தீர்ந்த குஞ்சின் வாய் அவ்வளவு சிறியது. கடையில் விற்கும் தூள் தீனியைப் பெரும்பாலும் அது தீனியாகவே மதிக்காது, அசைவதைத்தான் கொத்தும். தூள் அழுகி அம்மோனியாவாகும், மறுபடியும் பழைய கதை. இன்ஃப்யூசோரியா எனப்படும் நுண்ணுயிர்க் கலவையை முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்க வேண்டும். ஒரு கண்ணாடி ஜாடியில் பழைய தொட்டித் தண்ணீரை ஊற்றி, வேகவைத்த முட்டைக்கோஸ் இலை ஒன்றையோ வாழைப்பழத் தோலில் ஒரு துண்டையோ போட்டு வெளிச்சமான இடத்தில் வையுங்கள். முதலில் பாக்டீரியா பெருகித் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும், நாற்றமடிக்கும். சில நாளில் பாரமீசியம் போன்றவை அந்த பாக்டீரியாவைத் தின்று பெருகும். தண்ணீர் தெளியும், நாற்றம் போகும். ஜாடியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெண்தூசி போல நகர்வது தெரியும். நாற்றம் போகாத தண்ணீரை ஊற்றக் கூடாது.

நாலைந்து நாளில் குஞ்சு ஆர்ட்டீமியாவுக்குத் தயார். உப்பு ஏரிகளில் வாழும் சிறிய இறால் இனம் அது. அதன் முட்டைகள் காய்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். கடையில் டப்பாவில் கிடைப்பதில் கணிசமான பங்கு அமெரிக்காவின் யூட்டா உப்பு ஏரியிலிருந்து வருகிறது. நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்ட்டீமியா உண்டு. லிட்டருக்கு 25 கிராம் போல உப்புக் கரைத்து, ஏர் பம்ப் வைத்துக் கொதிப்பதுபோல் குமிழ் விட்டால் 28 டிகிரியில் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தி ஒரு பக்கம் டார்ச் அடித்தால் பொரிந்தவை வெளிச்சத்தை நோக்கிக் குவியும், ஓடுகள் மேலே மிதக்கும். குவிந்ததை மட்டும் உறிஞ்சி, துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் உப்பியிருக்கும். அது தெரிந்தால் அந்த வேளைக்குக் கவலையில்லை.

பிறந்த குஞ்சுக்கு லேபிரிந்த் உறுப்பு கிடையாது. 3 முதல் 6 வாரத்துக்குள்தான் அது உருவாகும். அதுவரை செவுள் ஒன்றுதான் கதி, அதனால் இந்த மீனுக்கும் இந்தக் காலத்தில் மெல்லிய காற்றோட்டமும் சுத்தமான தண்ணீரும் கட்டாயம். குப்பியில் வளரும் மீன் என்ற பேச்சு இந்த வயதில் முழுப் பொய். முதன்முதலாக மேலே வந்து காற்றைக் குடிக்கும் நாட்களில் மேலே உள்ள காற்று குளிர்ந்தோ வறண்டோ இருக்கக் கூடாது என்று வளர்ப்பவர்கள் தொட்டியை இறுக மூடி வைப்பார்கள். தினமும் கொஞ்சம் தண்ணீரை மெல்லிய டியூபால் உறிஞ்சி எடுத்து, அதே வெப்பத்தில் உள்ள புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும்.

இரண்டு மூன்று மாதத்தில் ஆண் குஞ்சுகள் ஒன்றையொன்று முறைக்கத் தொடங்கும். இந்தச் சண்டைக் குணத்துக்காகத்தான் இதை மனிதன் வளர்க்கத் தொடங்கினான். சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், பந்தயம் கட்டிச் சண்டை விட்டார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு 2022-இல் வெளியிட்ட மரபணு ஆய்வின்படி, குறைந்தது 1,000 ஆண்டுகளாக இது வீட்டு மீன். வால் அழகுக்கும் நிறத்துக்கும் தேர்ந்தெடுத்து வளர்த்தது பிந்திய காலத்தில்தான். அரைவட்டமாக விரியும் ஹாஃப் மூன் வால் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாலைச் சுமந்து நீந்த மீன் படும் பாடும், களைத்துப்போய்த் தன் வாலையே கடித்துக்கொள்வதும் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாங்குவதாக இருந்தால் குட்டைத் துடுப்புள்ள பிளாக்காட் வகையைத்தான் நான் சொல்வேன்.

நூறு குஞ்சு பிழைத்தால் அதில் பாதி ஆணாக இருக்கலாம். ஆளுக்கொரு இடம் வேண்டும். பெண்களைப் பெரிய தொட்டியில் சேர்த்து விடலாம். ஆண்களுக்கு இடமில்லை என்று ஏரியிலும் குளத்திலும் கொண்டுபோய் விடக் கூடாது. டேங்க் கிளீனர் என்று விற்கும் சக்கர் மீன் அப்படித்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பரவி, வலை வீசுபவர்களின் வலையைக் கிழிக்கிறது. அதனால் ஜோடி சேர்ப்பதற்கு முன்பே கணக்குப் போட வேண்டும்: எத்தனை ஆணுக்கு வீட்டில் இடம் உண்டு, மிச்சத்தை எடுத்துக்கொள்ளும் கடை எது, நண்பர் யார். கொளத்தூர்க் கடைகளில் பல, நல்ல மீனாக இருந்தால் வீட்டில் வளர்த்ததையும் வாங்கிக்கொள்ளும். அவர்களிடம் கொண்டுபோகும் குப்பியில் அந்த மீன் ஓரிரு நாளைக்கு மேல் இருக்கப் போவதில்லை என்றால் குப்பியில் தப்பில்லை. அடுத்த தலைமுறைக்கென்று நிறுத்திக்கொள்ளும் ஒன்றிரண்டு ஆண்களை நிறம் பார்த்து எடுக்காமல், சுறுசுறுப்பாக நீந்துகிறதா, தீனியைப் பாய்ந்து எடுக்கிறதா, மூன்றாம் நான்காம் மாதத்தில் தானாகவே கூடு கட்டுகிறதா என்று பார்த்து எடுங்கள்.